ரெண்டு நாளுக்கு ஊருக்கு வாற மக்களே, சாளை கேளுங்க



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு சாயா போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கல்யாண சீசனும் கிறிஸ்துமஸ் லீவும் நெருங்கினால் எனக்கு வரும் மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், சனிக்கிழமை ராத்திரி வாறோம், திங்கக்கிழமை ரயிலு. நாகர்கோவில்ல நல்ல மீன் சாப்பாடு எங்க கெடைக்கும்? ஒரு ஹோட்டல் பேரு சொல்லுங்க." பெங்களூரிலிருந்து கேட்பீர்கள், துபாயிலிருந்து கேட்பீர்கள், இப்போது கனடாவிலிருந்தும் கேட்கிறீர்கள். நான் இதுவரை ஒருத்தருக்கும் ஹோட்டல் பெயர் சொன்னதில்லை. "எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். ரிட்டயர் ஆன பிறகும் டீச்சர் கேள்வி கேட்பதை விடவில்லை என்று சிலர் சிரித்ததும் எனக்குத் தெரியும்.

ஆனால் மீன் விஷயத்தில் "எங்கே" என்பது கடைசிக் கேள்வி. "இன்றைக்கு என்ன வந்தது", "எப்போது வந்தது", இவை இரண்டும் அதற்கு முந்தியவை. இதைக் கேட்காமல் கடையில் போய் உட்கார்ந்தால் எந்த ஊரிலும் ஒரே சாப்பாடுதான் கிடைக்கும்.

போன வருஷம் என்னிடம் படித்த ஒரு பையன் (பையன் என்ன பையன், தலை பாதி நரைத்துவிட்டது) மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தான். மனைவி புனேக்காரி. பிள்ளைகளுக்கு அப்பாவின் ஊர்ச் சாப்பாட்டைக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஏசி போட்ட ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப்போனான். வஞ்சிரம் தவா ஃப்ரை, சில்லி இறால், கூடவே ஃப்ரைடு ரைஸ். மறுநாள் என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், பெங்களூர்ல சாப்பிடுற மாதிரியேதான் இருந்தது" என்றான். வேறு எப்படி இருக்கும்? பெங்களூரில் பழகின நாக்குக்கு என்று கணக்குப் போட்டு வைத்த சாப்பாடு அது. நம் ஊரில் அந்த மீனுக்கு வஞ்சிரம் என்றா பெயர்? நெய்மீன் என்று சொல்லித்தானே வளர்ந்தோம். நாகர்கோவிலில் இருந்துகொண்டு மெனு கார்டில் சென்னைப் பெயர் போட்டிருந்தால், அந்தக் கடை யாரைப் பார்த்துச் சமைக்கிறது என்று அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிடுகிறது.

கன்னியாகுமரிக்குப் போனால் இன்னும் கூடுதலாகத் தெரியும். பாறையையும் சிலையையும் பார்க்க நாடெங்கிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்காக ராஜஸ்தானித் தாலி, குஜராத்தித் தாலி என்று இந்தியிலும் வங்காளத்திலும் போர்டு வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும், வருகிறவர்களுக்குப் பசிக்கத்தானே செய்யும். ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சின்னமுட்டம் துறைமுகம் இருக்கிறது. அங்கே விசைப்படகுகள் விடிகாலையில் போய் ராத்திரி ஒன்பது மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைக்குப் பிடித்தது அன்றைக்கே ஏலத்துக்கு வருகிறது. சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு ரூமுக்குப் போய் டிவி போடுகிற நேரத்தில், பக்கத்திலேயே அன்றைய மீன் இறங்குகிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். குளச்சல் என்றால் 1741, மார்த்தாண்ட வர்மா, டச்சுக்காரன், டிலனாய் என்று என்னிடமே ஒப்பித்து அஞ்சுக்கு அஞ்சு மார்க் வாங்கியவர்கள் நீங்கள். அதே குளச்சலில் ஒரு ஏலம் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? கமெண்டில் கை தூக்குங்கள் பார்ப்போம்.

இனி கிழமைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை நாள், ஓய்வு நாள். பொதுவாகக் கடலுக்குப் போக மாட்டார்கள். நீங்களோ சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் "ஃப்ரெஷ் மீன்" கேட்கிறீர்கள்! அன்றைக்குத் தட்டில் வருவது சனிக்கிழமை மீனாக இருக்கலாம், அதற்கும் முந்தினதாக இருக்கலாம், வேறு துறைமுகத்திலிருந்து ஐஸில் வந்ததாகவும் இருக்கலாம். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட முடிந்தால் மத்தியானம் மீன் சாப்பிடுங்கள். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வேறு ஏதாவது சாப்பிட்டுவிட்டு மீனைத் திங்கட்கிழமைக்கு ஒதுக்குங்கள். ஞாயிறுக்கு நம்மிடம் என்ன குறைச்சல்? நல்ல பொரிச்ச கோழி உண்டு. அவியலும் எரிசேரியும் இஞ்சிக்கறியும் வைத்த இலைச் சாப்பாடு உண்டு. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு அடைப் பிரதமன் இலைக்கே வந்துவிடும், தேடிப்போகவே வேண்டாம்.

அடுத்தது மாதம். நம் மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். தடை விசைப்படகுகளுக்குத்தான். கட்டுமரமும் வள்ளமும் போகும். ஆகவே மே மாசம் ஸ்கூல் லீவுக்கு வந்து "மீனே இல்ல டீச்சர்" என்று சொல்லாதீர்கள். பெரிய மீன் குறைவாக இருக்கும், விலை ஏறியிருக்கும், அவ்வளவுதான். அந்த நாட்களில் கரைக்குப் பக்கத்தில் வலைபோட்டுக் கிடைக்கும் நெத்தோலியும் சாளையும் அயிலையுமாகச் சாப்பிட்டால் உங்களுக்கும் நல்லது, அந்தச் சின்ன வள்ளக்காரருக்கும் நல்லது. ஆகஸ்டில் மேற்குப் பக்கத்துத் தடை முடிந்து படகுகள் போகத் தொடங்கினால் கணவாய் நிறைய வரும். அப்போது வருகிறவர்கள் கணவாய் கேளுங்கள். எல்லா மாசமும் ஒரே மீனைக் கேட்டால் எல்லா மாசமும் ஃப்ரீசரைத்தான் திறப்பார்கள்.

கடையில் உட்காரும் முன் நான் சொல்லித்தருகிற ஒரே சோதனை இதுதான். பரிமாறுகிறவரிடம் "இன்னைக்கு என்ன மீனு உண்டு?" என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு" என்றால் எழுந்துவிடுங்கள். எல்லா மீனும் எல்லா நாளும் இருக்கிற கடல் உலகத்தில் கிடையாது. "இன்னைக்கு அயிலையும் நெத்தோலியும்தான், வேற ஒண்ணும் வரல்ல" என்று கொஞ்சம் வருத்தத்தோடு ஒருத்தர் சொன்னால் அங்கேயே இலையைப் போடச் சொல்லுங்கள்.

இதெல்லாம் வழிகாட்டிச் செய்தி. இதற்காக மட்டும் என்றால் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். சொல்ல வந்தது வேறு.

நம் குலசேகரம் பஜாரில், பஸ்ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சாயக்கடை. கடையையும் சமையலையும் ஒரே அம்மாதான் பார்க்கிறார். பெயர் சொல்லவில்லை, அவருக்குப் பிடிக்காது. காலையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைப்பார். இந்தக் கிழங்குக்கு ஒரு நேரம் உண்டு. நம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் ஏறிவிடுவார்கள். வெட்டி முடித்து, பால் எடுத்து ஊற்றிவிட்டு, காலை ஒன்பது பத்து மணிக்குப் பசியோடு இறங்குவார்கள். அப்போது இரண்டு இட்லி போதுமா? கிழங்குதான் வயிற்றில் நிற்கும். ஆகவே கிழங்கின் நேரம் என்பது பால்வெட்டுக்காரரின் நேரம். பதினொரு மணிக்குச் சட்டி காலி. மத்தியானம் காரில் வந்து இறங்கி "கப்பாவும் மீனும் இருக்கா?" என்று கேட்கிறவர்கள் ஒரு நாளும் அதைப் பார்த்திருக்க முடியாது.

போன ஓணத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மா என்னிடம் சொன்னார். "டீச்சரே, இனி கெழங்கு வேண்டாம்ணு மவ சொல்லுதா. ஃப்ரைடு ரைஸ் போட்டா பயலுவ வருவானுவளாம். வெளியூர் ஆளு வந்தா அவுங்க முன்னால கெழங்கையும் சாளையையும் எப்பிடி வைக்கது? கொறச்சலா நெனைக்க மாட்டாவளா?"

மக்களே, இந்தக் "கொறச்சல்" என்ற வார்த்தையை வகுப்பறையில் நான் பலவிதமாகப் பார்த்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையால் மறைத்துச் சாப்பிடுகிற பிள்ளைகள் இருந்தார்கள். உள்ளே கிழங்கு இருக்கும். பக்கத்துப் பெஞ்சில் சோறு. சோறு பெரிய ஆள், கிழங்கு சின்ன ஆள் என்று ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு பாடம் கிடையாது.

பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டியதைச் சொல்கிறேன். மரச்சீனி நம் மண்ணில் பிறந்தது அல்ல. தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அதைத் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. கிழங்கில் கட்டு இருக்குமோ என்று ஜனங்கள் பயந்தபோது, அவித்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்து, அரண்மனையிலும் சாப்பிட்டுக் காட்டினார் என்பார்கள். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942ல் பர்மா ஜப்பான் கைக்குப் போக, அங்கிருந்து வரும் அரிசி நின்றது. திருவிதாங்கூர் அரிசிக்கு வெளியூரை நம்பியிருந்த நாடு. அன்று நம் தாத்தா பாட்டிமாரை உயிரோடு வைத்தது கிழங்கும், கடற்கரையில் மலிவாகக் கிடைத்த சாளையும். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ரேஷனும் சட்டமும் மாறின. கிழங்குச் சட்டி மட்டும் அப்படியே அடுப்பில் இருந்தது. பஞ்சத்தில் சோறாக நின்ற ஒன்றைப் பஞ்சம் தீர்ந்ததும் வெளியாள் கண்ணில் படாமல் மறைக்கிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். விருந்தாள் வருகிறார் என்றால் முந்தின நாளே பிரியாணிக்கு ஆர்டர் கொடுக்கிறோம். நாம் தினம் ரசித்துச் சாப்பிடும் சாளைப் புளிமுளத்தையும், மாங்காய் போட்ட நெத்தோலி அவியலையும், சம்பா அரிசிச் சோற்றையும் அவர் போன பிறகு "அப்பாடா" என்று எடுத்துச் சாப்பிடுகிறோம். (என் மைனி இதை வாசித்தால் கோபப்படுவாள். படட்டும், அவளும் இதைச் செய்கிறவள்தான்.) வந்தவர் ஊருக்குப் போய் "கன்னியாகுமரி பிரியாணி சுமார்தான்" என்று சொல்கிறார். அவர் சொல்வதில் என்ன தப்பு?

சாளையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. எப்போதும் கிடைக்கும், எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைத்த மீன் அது. பக்கத்துக் கேரளக் கரையில் 2012ல் ஏறத்தாழ நாலு லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021ல் மூவாயிரத்து ஐந்நூறு டன்கூடத் தேறவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கு இது. கடல் சூடு, எல் நினோ, குஞ்சு மீனைக்கூட விடாமல் அள்ளுகிற வலை என்று காரணங்கள் பல சொல்கிறார்கள். பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது. ஆனால் சாளை கேட்டும் கிடைக்காத வருஷம் என்று ஒன்று வந்துவிட்டுப் போயிருக்கிறது. அதன் பிறகும் அதைக் குறைச்சலான மீன் என்பது எந்த நியாயம்?

என்னிடம் படித்தவன் ஒருவன் போர்ச்சுகலில் வேலை பார்க்கிறான். லிஸ்பன் நகரத்தில் ஜூன் மாசம் புனித அந்தோணியார் திருவிழா. 12ஆம் தேதி ராத்திரி தெருத்தெருவாகக் கரியடுப்பு வைத்து அவர்கள் ஊர்ச் சாளையைச் சுட்டு, ரொட்டித் துண்டின்மேல் வைத்துக் கொடுக்கிறார்கள். உலகத்தின் பல மூலையிலிருந்தும் விமானம் ஏறி வந்து ஆட்கள் அதைச் சாப்பிடுகிறார்கள். கடைகளில் சாளைப் பொம்மை விற்கிறார்கள், சாளைப் படம் போட்ட சட்டை விற்கிறார்கள். அவன் படம் அனுப்பி, "டீச்சர், எங்க அம்மை இதைத்தான வெச்சு வெச்சு தந்தா!" என்று எழுதியிருந்தான். நமக்குக் கிழங்கைக் கொண்டுவந்த அதே போர்ச்சுகீசியர்! அந்த மீன் நம் சாளையின் ஒன்றுவிட்ட தம்பி, அவ்வளவுதான். ஒரு நகரம் தன் ஏழை வீட்டு மீனைத் திருவிழாவில் நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து வைத்தது. நாம் விருந்தாள் வந்தால் அடுக்களைக் கதவைச் சாத்துகிறோம்.

மற்ற ஊர்களுக்கு நீங்கள் போகும்போதும் இதையே சொல்வேன். நான் மும்பைக்கு இரண்டே நாள் போயிருந்தேன், சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். தங்கியிருந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம், எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், "உங்க வீட்டுல இன்னைக்கு என்ன மீன்?" என்று கேட்டேன். முகம் மலர்ந்து "பொம்பில்" என்றார். பாம்பே டக் என்று இங்கிலீஷில் வாத்துப் பெயர் வைத்திருக்கிறார்களே, அது ஒரு மீன். உடம்பெல்லாம் தண்ணீர், எலும்பே இல்லாத மாதிரி வழவழவென்று இருக்கும். ரவையில் புரட்டிப் பொரித்தால் மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். மழைக்காலத்துக்காக அதை மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள், கருவாட்டுக்கு. எந்தக் கடையில் சாப்பிட வேண்டும், பக்கத்தில் எந்தச் சின்ன மெஸ்ஸில் மத்தியானம் எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகும், எல்லாம் அந்த அம்மாவே சொன்னார். சமைக்கிற ஆளிடம் கேளுங்கள், விற்கிற ஆளிடம் கேட்காதீர்கள். ஆட்டோக்காரரிடம் "நல்ல ஹோட்டல் எது?" என்றால் உங்கள் சட்டையைப் பார்த்துப் பதில் சொல்வார். "நீங்க எங்க சாப்பிடுவீங்க அண்ணாச்சி?" என்று கேட்டால் அவர் வயிற்றைப் பார்த்துப் பதில் சொல்வார்.

பெயர் தெரிந்து வைத்துக்கொள்வதும் உதவும். நம் அயிலை சென்னைக்குப் போனால் கானாங்கெளுத்தி. நம் நெய்மீன் அங்கே வஞ்சிரம், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. நம் சாளை மலையாளத்துக்காரரிடம் மத்தி. அந்தந்த ஊர்ப் பெயரில் கேட்டால் மீன்காரம்மா உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார், செவுளையும் தானே தூக்கிக் காட்டுவார். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை திரும்பி மேலே வர வேண்டும். இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை, உங்கள் அம்மைமார் சந்தையில் செய்ததைப் பார்த்தே வளர்ந்தீர்கள். உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். வடசேரிச் சந்தைக்கோ நம் குலசேகரம் சந்தைக்கோ ஒரு அரை மணி நேரம் அவர்களைக் கூட்டிப்போங்கள். மால் எந்த ஊரிலும் இருக்கும்.

சுத்தத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். "பிள்ளையளுக்கு வயிறு கெட்டுப் போயிட்டுண்ணா?" நியாயமான பயம். 2018ல் கேரளத்தில் ஃபார்மலின் போட்ட மீனை எல்லைச் செக்போஸ்ட்டில் பிடித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மருந்து போட்டு வைக்கிற அவசியம் யாருக்கு வரும்? தூரத்துக்கு அனுப்புகிறவருக்கும் நாள்கணக்கில் வைத்து விற்கிறவருக்கும். காலையில் வாங்கி, பதினொரு மணிக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கிற சாயக்கடைக்கு அந்த அவசியம் இல்லை. கொதிக்கிற குழம்பு, ஆட்கள் வந்துகொண்டே இருக்கிற பெஞ்சு, இவை இரண்டையும் பாருங்கள். தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். முள்ளுக்குப் பயப்படுகிற பிள்ளைகளுக்குச் சாளையில் தொடங்க வேண்டாம், சூரையோ அயிலையோ கொடுத்துப் பழக்குங்கள். சாளை முள்ளை நாக்காலேயே பிரிக்கிற வித்தை நீச்சல் மாதிரி, சின்ன வயசில் வந்தால்தான் வரும்.

"பரோட்டாவும் பீஃபும் நம்ம சாப்பாடு இல்லியா டீச்சர்?" என்று ஒருத்தன் வாட்ஸ்அப்பில் சண்டைக்கு வந்தான். யார் இல்லையென்றது? மார்த்தாண்டத்தில் ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாக்கல் சத்தம் கேட்காவிட்டால் எனக்கே ஊர் மாறிப்போன மாதிரி இருக்கும். ஐம்பது வருஷம் ஒரு ஊரில் ஜனங்கள் ஆசையாகச் சாப்பிட்டால் அது அந்த ஊர்ச் சாப்பாடுதான். மரச்சீனியே வந்தேறி என்று இப்போதுதானே சொன்னேன். பழசு புதுசு என்பது என் கவலை அல்ல. கேட்கிறவர் இல்லாமல் ஒன்று சத்தமின்றி நின்றுபோவதுதான் என் கவலை. பரோட்டாவைக் கேட்க ஆயிரம் பேர் உண்டு. கிழங்கைக் கேட்க பால்வெட்டுக்காரர்கள் மட்டும். அவர்கள் பிள்ளைகளும் இப்போது பால் வெட்டப் போவதில்லை, அது நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளும் உங்களைப் போல வெளியூரில் வேலை பார்த்துவிட்டு இரண்டு நாளுக்கு ஊருக்கு வந்து வஞ்சிரம் தவா ஃப்ரை சாப்பிட்டால், கிழங்குச் சட்டியை யாருக்காக அடுப்பில் ஏற்றுவது?

ஒரு கடைக்காரருக்கு நாம் கொடுக்கிற காசு பெரிசல்ல, இன்றைக்கு என்ன விலை போகிறது என்று உங்களுக்கே தெரியும். வெளியூர் நம்பர் போட்ட காரிலிருந்து இறங்கி, இன் பண்ணின சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து, "கெழங்கும் சாளையும் உண்டா அம்மா?" என்று ஒருத்தர் கேட்டால் அந்தக் கடைக்குள் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்த மூன்று பேரை (டாக்டர் ஒருத்தி, கப்பலில் வேலை பார்க்கிறவன் ஒருத்தன், ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை ஒருத்தன்) காலை ஒன்பதரைக்கு அந்த அம்மாவின் கடைக்கு அனுப்பினேன். ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டு, பார்சலும் கேட்டார்களாம். அந்த அம்மா மகளைக் கூப்பிட்டு, "பாத்துக்கோ, டாக்டரு" என்றாராம். மகள் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு கரண்டி கறி ஊற்றிவிட்டுப் போனாள் என்று அந்த டாக்டர்தான் எனக்குச் சொன்னாள்.

ஃப்ரைடு ரைஸ் இப்போது சாயங்காலம் போடுகிறார்கள். மகள் பார்த்துக்கொள்கிறாள், பயல்களும் வருகிறார்கள். காலையில் கிழங்கு உண்டு, ஞாயிறு தவிர. பத்தரைக்கு முன்னால் போங்கள். கூட ஒரு தட்டு மட்டிப்பழம் வைத்திருப்பார், 2023ல் புவிசார் குறியீடு வாங்கின நம் பழம், அதையும் விடாதீர்கள். கூகுள் மேப்பில் அந்தக் கடை கிடையாது. பஸ்ஸ்டாண்டில் இறங்கி யாரிடமாவது "கெழங்குக்கடை" என்று கேட்டால் கை காட்டுவார்கள்.